உத்தரத்துக்கு நாடி பார்த்தவர்

பாண்டிச்சேரியில் மனிதர்களை விட்டுவிட்டுச் சுவர்களை மட்டும் நலம் விசாரித்த ஒரே ஆள் எங்கள் நாடிதான். இரண்டாயிரத்து ஏழோ எட்டோ. குருசுக்குப்பத்தை ஒட்டிய பழைய பிரெஞ்சுக் காலத்து வீடு. கீழே வீட்டுக்கார அம்மா; அந்த ஊர் வழக்கப்படி எல்லோருக்கும் மதாம். மாடியில் ஆளுக்கொரு அறையில் வாடகைக்கு நானும் நாடியும்.

காலாப்பட்டுப் பக்கம் ஒரு கல்லூரியில் நாடிக்கு ஆராய்ச்சி வேலை. மதாமிடம் கெஞ்சி அனுமதி வாங்கி, சோப்பு டப்பா அளவில் சென்சார் பெட்டிகளைச் சுவரிலும் உத்தரங்களிலும் ஒட்டிவிட்டார். வயரே கிடையாது. வீடு எங்கே அதிர்ந்தாலும் ஒரு பெட்டி அடுத்த பெட்டிக்கு ரேடியோவில் சொல்லும். கடைசியில் அவர் கம்ப்யூட்டருக்குச் செய்தி போய்விடும். வைத்தியர் மாதிரி வீட்டுக்கு நாடி பார்த்ததால் நாங்கள் வைத்த பெயர்தான் நாடி.

நான் துணி துவைத்தால் ஓடி வருவார். "இன்னாங்க, சுவத்துக்கு படபடன்னு அடிச்சிக்குது!"

பெட்டிகளில் பேட்டரி தீர்ந்தால் என் டிவி ரிமோட்டில் கை வைப்பார். கேட்டால், "சீரியல் நாளைக்கும் வரும், உத்தரம் வருமா?"

அந்த ஜூலை பதினாலு, பிரெஞ்சு தேசிய தின ஊர்வலம் பார்க்க மதாமின் சொந்தக்காரர்கள் மொத்தமாக வந்து இறங்கினார்கள். எல்லோரும் மாடிப் பால்கனிக்குக் கிளம்ப, நாடி அதன் வாசற்படியில் நாற்காலி போட்டு லுங்கியோடு உட்கார்ந்துவிட்டார்.

"பஸ் போனா மத்த உத்தரமெல்லாம் ஆடி நின்னுடுது மதாம். பால்கனியத் தாங்குறது மட்டும் நிக்காம ஆடுது. யாரும் போவாதீங்க."

"என் கல்யாணத்துல ஊரே நின்ன பால்கனிடா இது!"

"அப்ப அதுக்கு வயசு கம்மி மதாம்."

மதாமுக்கு முகம் சிவந்தது. அவருக்குத் தம்பி முறை ஒருவர் நாற்காலியோடு நாடியைத் தூக்கப் பார்த்தார். நாடி நிலைக்கதவைக் கட்டிக்கொண்டு விடவேயில்லை. கீழே பேண்டு வாத்தியத்தோடு ஊர்வலம் போயே போய்விட்டது. பால்கனி விழவுமில்லை. அன்று முழுக்க அவரை வைத்து ஒரே சிரிப்பு. நானும் சிரித்தேன். அவர் போய்ப் படுத்துக்கொண்டார்.

மறு வாரம், அவர் வாயை அடைக்கவென்றே மதாம் தச்சரை வரவழைத்தார். தச்சர் பூச்சைத் தட்டினார். சுவருக்குள் இருந்த பால்கனி உத்தரத்தின் முனையில் கை வைத்தார். முழங்கை வரை உள்ளே போயிற்று. அத்தனையும் கரையான்.

மதாம் சுவரில் சாய்ந்து சிலுவை போட்டுக்கொண்டார். சொந்தக்காரக் குழந்தைகளின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொன்னார். பிறகு நாடியைப் பார்த்து, "சாப்டியாடா?" என்றார். அன்றிலிருந்து இருவேளையும் அவருக்குக் கீழேதான் சாப்பாடு.

அடுத்த வருடம் பெங்களூரில் வேலை கிடைத்து, நாடி பஸ் ஸ்டாண்டுக்கு ஆட்டோ ஏறினார். "போய்ச் சேந்ததும் போன் பண்ணுடா," என்றார் மதாம். ஆட்டோ முனை திரும்பி வெகு நேரம் ஆகியும் அவர் உள்ளே போகவில்லை. நானும்தான்.