பூதலூர் எல்விஸின் கிருதா

“ரெண்டு பக்கமும் எடுத்துடு,” என்றார் தியாகராசன், சலூன் நாற்காலியில் கண்ணை இறுக மூடிக்கொண்டு.

ஹம்தானுக்குக் கை வரவில்லை. கடை திறந்த நாளிலிருந்து இந்தக் கிருதாவைப் பார்த்துப் பார்த்துச் சீர் செய்து வருகிறவன் அவன். காதோரத்தில் தொடங்கித் தாடை வரைக்கும் பட்டையாக இறங்கும் கிருதா. நெற்றிக்கு மேலே அலை மாதிரி எழும்பி நிற்கும் முன்முடி. அமெரிக்காவில் எல்விஸ் பிரெஸ்லி என்ற ராக் அண்ட் ரோல் பாடகருக்கு இருந்த அதே அலங்காரம். பெரிய மீசை மட்டும் சொந்தச் சரக்கு. பகலெல்லாம் பூதலூரில் பம்புசெட் விற்கிற தியாகராசன், ராத்திரி திருவிழா மேடையில் மைக்கைச் சாய்த்துப் பிடித்து இடுப்பை ஒரு வெட்டு வெட்டினால் நடவு முடித்து வந்த சனம்கூட விசிலடிக்கும். இங்கிலீஷ் பாட்டில் ஒரு வார்த்தை யாருக்கும் புரியாது. முடி எல்லோருக்கும் புரியும்.

“யோசிச்சுக்குங்கண்ணே. எடுத்துட்டா ஒட்ட வைக்க முடியாது.”

யோசித்து யோசித்துத்தான் அவர் விடியும் வரை புரண்டு படுத்திருந்தார். மகள் வானதியைப் பெண் பார்க்க நன்னிலத்திலிருந்து பத்தரை மணிக்கு வருகிறார்கள். கால்நடை மருத்துவம் முடித்த பெண். ஏற்கெனவே இரண்டு இடம் ஜாதகமெல்லாம் பொருந்தி வந்து, கடைசி நேரத்தில் கைநழுவிப் போயிருந்தது. ஏன் என்று அவருக்குத் தெரியாது. முந்தின நாள்தான் மைத்துனன் தமிழ்மாறன் தயங்கித் தயங்கிச் சொன்னான். இரண்டு வீட்டுக்கும் எப்படியோ அவருடைய மேடைக் கோலம் தெரிந்துவிட்டதாம். இப்படி இடுப்பை ஆட்டுகிற மனுஷன் வீட்டிலா சம்பந்தம் பண்ணுவது என்று ஒதுங்கிவிட்டார்களாம். இப்போது வருகிறவர் தங்கையன், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். சட்டைக் காலர் பட்டன்கூடப் போட்டுக்கொள்கிற ஆள்.

“எடு,” என்றார் மறுபடியும்.

எடுத்தாயிற்று. கண்ணைத் திறந்து கண்ணாடியைப் பார்த்தார். முப்பது வருஷமாக வெயில் படாத இடம். இரண்டு கன்னத்திலும் கிருதா போன இடத்தில் அதே அளவுக்கு, அதே வடிவத்தில், வெள்ளைவெளேரென்று இன்னொரு கிருதா இருந்தது.

துண்டால் முகத்தை மூடிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். கேசரி கிண்டிக்கொண்டிருந்த மனைவி நாகம்மாள், துண்டை விலக்கிப் பார்த்துவிட்டு அடுப்பை அணைத்தாள். பவுடரைத் தேய்த்தாள். சுற்றியிருந்த இடமும் வெளுத்ததே தவிர வித்தியாசம் மறையவில்லை. வானதியின் மேக்கப் கிரீமை எடுத்துப் பூசினாள். அது மகளுடைய நிறத்துக்கு வாங்கியது. அப்பாவின் முகத்தில் சாம்பல் பூத்துவிட்டது.

சத்தம் கேட்டு வந்த வானதி அப்படியே நின்றுவிட்டாள். முகம் வெளிறிப் போயிற்று.

“என்னப்பா இது? யாரைக் கேட்டு எடுத்தீங்க?”

மகளுக்குத் தன் கிருதா மேல் இவ்வளவு பாசமா என்று தியாகராசன் நெகிழ்ந்துபோனார். உனக்காக இதுகூடச் செய்யமாட்டேனாம்மா என்று அவள் தலையைத் தடவினார். அவள் விருட்டென்று உள்ளே போய்விட்டாள்.

அதற்குள் தமிழ்மாறன் வந்து இன்னொன்றைக் கண்டுபிடித்தான். கிருதா இல்லாமல் அந்த முன்முடி மட்டும் நிற்பது, தலையில் வைக்கோல்போர் வைத்த மாதிரி இருக்கிறதாம். நாகம்மாள் அரை பாட்டில் தேங்காயெண்ணெயைக் கவிழ்த்து அழுத்தி வாரிவிட்டாள். படிந்தது. எல்லோரும் மூச்சு விட்டார்கள். வேட்டி மாற்றிக்கொண்டு வருவதற்குள் முடி பழைய பழக்கத்தில் மெல்ல மெல்ல எழுந்து, எண்ணெய் சொட்டச் சொட்ட நின்றது. இப்போது வைக்கோல்போர் மழையில் நனைந்திருந்தது.

மறுபடியும் ஹம்தான் கடைக்கு ஓடினார்கள். ஒட்ட வெட்டச் சொன்னார்கள். வெட்டியதும் பின்னந்தலையில் பெரிய வழுக்கை வெளியே வந்தது. இத்தனை வருஷம் முன்முடியைப் பின்பக்கம் நீளமாக இழுத்து அதை மூடி வைத்திருந்த ரகசியம் ஹம்தானுக்கும் தியாகராசனுக்கும் மட்டுமே தெரியும். சொட்டையும் திட்டுமாக அந்தத் தலை சொறி பிடித்த மாதிரி இருந்தது. வேறு வழியில்லை, மொட்டை என்றான் தமிழ்மாறன். மொட்டையடித்தார்கள். மொட்டைத் தலைக்குக் கீழே அந்தப் பெரிய மீசை இருக்கவே, யாரையோ வெட்டிவிட்டு ஜாமீனில் வந்த ஆள் மாதிரித் தெரிந்தார். மீசையையும் எடுத்தார்கள்.

வாசலில் அவரைப் பார்த்த நாகம்மாள் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

“வீட்டுல யாரு போயிட்டாங்கன்னு கேப்பாங்களே, என்னங்க சொல்றது?”

தியாகராசனுக்கும் அதே பயம்தான். தலையும் மீசையும் மழித்த மனுஷன் வாசலில் நின்றால் துக்க வீடு என்றுதான் யாரும் நினைப்பார்கள். காரைத் திருப்பிக்கொண்டு போய்விடுவார்கள். தன்னால் மகளுக்கு மூன்றாவது இடமும் போகப்போகிறது. தெருமுனையில் கார் சத்தம் கேட்டது. தமிழ்மாறன் பூஜை அறைக்குள் ஓடி ஒரு கிண்ணம் சந்தனத்தைக் குழைத்து வந்து, மாமாவின் மொட்டையிலும் இரண்டு கன்னத்திலும் மளமளவென்று அப்பினான். வேண்டுதல் என்று சொல்லிவிடலாம், நீங்க மட்டும் வாயைத் திறக்காதீங்க மாமா என்றான்.

தங்கையன், அவர் மனைவி, பையன் மூவரும் வந்து உட்கார்ந்தார்கள். தங்கையன் சந்தனத் தலையைப் பார்த்துவிட்டு, எந்தக் கோயில் என்று கேட்டார். தமிழ்மாறன் வைத்தீஸ்வரன் கோயில் என்ற அதே நேரத்தில் நாகம்மாள் சமயபுரம் என்றாள்.

எல்லோரும் தியாகராசனைப் பார்த்தார்கள். சந்தனத்துக்கு மேலே வேர்வை அரும்பியது.

“ரெண்டு சாமிக்கும் வேண்டிக்கிட்டேங்க. தலை ஒண்ணுதானே இருக்கு.”

தங்கையன் மனம் குளிர்ந்து தலையாட்டினார். வானதி காபி கொடுத்துவிட்டுப் போனாள். பையன் நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டான். எல்லாம் நல்லபடியாகப் போகிறது என்று தியாகராசன் மூச்சு விடப்போகும்போது, தங்கையன் சட்டைப் பையிலிருந்து செல்போனை எடுத்தார்.

“ஒரு சின்ன விஷயம். தெரியாத நம்பர்லேர்ந்து எனக்கு ஒரு போட்டோ வந்துச்சு. பொண்ணோட அப்பா இவர்தான்னு எழுதியிருந்துச்சு.”

தியாகராசன் வாங்கிப் பார்த்தார். வலங்கைமான் திருவிழா. மினுமினுக்கும் சிவப்புச் சட்டை, மடங்கிய முழங்கால், சாய்ந்த மைக். விளக்கு வெளிச்சத்தில் முன்முடி தங்கம் மாதிரி மின்னியது. கிருதா இரண்டும் கத்தி போல நின்றன. அன்றைக்கு ஒரே பாட்டை நான்கு தடவை பாடச் சொல்லிக் கேட்டார்கள். அதைவிட நல்ல போட்டோ அவருக்கு வாய்த்ததே இல்லை.

“யாருங்க இது?” என்று கேட்டார் தங்கையன்.

தியாகராசன் போட்டோவை இன்னொரு தடவை பார்த்தார். நாகம்மாள் புடவைத் தலைப்பைக் கசக்கிக்கொண்டிருந்தாள்.

“தெரியலீங்களே,” என்றார் தியாகராசன்.

“நானும் அதான் நெனச்சேன். இந்தக் கூத்தாடி எங்க, நீங்க எங்க. உங்களுக்கு ஆகாதவன் எவனோ பண்ணின வேலை. இதை வச்சுத்தான் வரலாமா வேணாமான்னு ரெண்டு நாளா வீட்டுல பேச்சு. நேர்ல பார்த்ததும் சந்தேகம் தீர்ந்துபோச்சு.”

தியாகராசன் சிரித்து வைத்தார். செல்போனைத் திருப்பிக் கொடுக்கும்போது விரல் கொஞ்சம் தாமதித்தது.

கேசரியும் பஜ்ஜியும் சாப்பிட்டார்கள். வர்ற முகூர்த்தத்திலேயே பூ வைத்துவிடலாம் என்று தங்கையன் வாயாலேயே சொல்லிவிட்டுக் காரேறினார். நாகம்மாள் சாமி படத்துக்கு முன்னால் போய் நின்று அழுதாள். தமிழ்மாறன் மிச்சமிருந்த பஜ்ஜியை இழுத்து வைத்துக்கொண்டான்.

தியாகராசனுக்கு மட்டும் ஆறவில்லை. முடி போனது போகட்டும், மகளுக்காகப் போயிற்று. ஆனால் இரண்டு சம்பந்தத்தைக் கெடுத்துவிட்டு மூன்றாவதையும் கெடுக்கப் பார்த்த அந்தத் துரோகி யார்? அந்தப் போட்டோ தன் செல்போனிலும் இசைக்குழு ஆட்களிடமும் மட்டும்தான் இருந்தது. கீபோர்டு வாசிக்கிற வெங்கியாகத்தான் இருக்கவேண்டும். தன்னை விட்டுவிட்டு இவருக்கு மட்டும் கைதட்டுகிறார்கள் என்று அவனுக்கு எப்போதுமே எரிச்சல். இன்றைக்கு அவனை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுகிறேன் என்று கத்திக்கொண்டே செல்போனைத் தேடினார். காய்ந்த சந்தனம் தோளில் உதிர்ந்தது.

காபி டம்ளர்களை எடுக்க வந்த வானதி, செல்போனை அவர் கைக்கு எட்டாமல் நகர்த்தி வைத்தாள்.

“வெங்கி மாமா பாவம்ப்பா, மூணு வீட்டுக்கும் அனுப்பினது நான்தான், மேல படிக்கணும்னு சொன்னா நீங்க கேக்கல, ரெண்டு தடவை உங்க கிருதாதான் என்னைக் காப்பாத்துச்சு.”