நிற்காமல் போன கார்

பெங்களூரு

மதிப்பிற்குரிய திருமூர்த்தி மாமா அவர்களுக்கு, லோகப்பிரியா வணக்கத்துடன் எழுதுவது.

அண்ணன் கல்யாணத்தன்று காலையில் உங்கள் வாசலைக் கடந்தபோது, “நிறுத்துங்கப்பா” என்று நான் சொல்லவில்லை. கட்டுப்போட்ட காலோடு, கையில் காப்பி டம்ளரோடு நீங்கள் கேட் அருகே நின்றதை நன்றாகப் பார்த்தேன். அப்பாவும் பார்த்தார். அதன்பின் மூன்று முறை போன் செய்தும் நீங்கள் எடுக்காததால் இந்தக் கடிதம். கால் தேறி வரும் என நம்புகிறேன்.

மேட்டுப்பாளையம் சாலையில் பாலம் வேலை, மாட்டினால் மணிக்கணக்கில் நிற்க வேண்டும் என்று அப்பா அஞ்சியபோது மாற்றுவழி சொன்னவர் நீங்கள். அப்பா அதைக் கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்திலேயே எழுதி வைத்திருந்தார். துடியலூர் தாண்டிக் கிழக்கே திரும்பி, மாரியாத்தாள் வீட்டை ஒட்டி இடது, பங்காரம்மா வீட்டுக் கிணறு தாண்டி வலது. மற்றவர்கள் வழி சொன்னால் பெட்ரோல் பங்க், பள்ளிக்கூடம் என்பார்கள். நீங்கள் தெரிந்தவர்களை வரிசையாகச் சொல்லியிருந்தீர்கள். அதன் பொருள் காரில் ஏறிய பிறகுதான் விளங்கியது.

ஏழரைக்கு இணைச்சீர். தாலி கட்டும் முன் மாப்பிள்ளையின் பக்கத்தில் கூடப்பிறந்தவள் நிற்க வேண்டிய சீர். எனக்கு இருப்பது ஒரே அண்ணன். பெங்களூரிலிருந்து விடியலில் வந்து இறங்கிய என்னை அழைத்துக்கொண்டு அப்பா ஐந்தே காலுக்கே கிளம்பிவிட்டார். மாரியாத்தாள் அத்தை வாசல் தெளித்துக்கொண்டிருந்தவர், “ஏனுங்ணா, வாசல் வழியா வந்துபோட்டு எறங்காம போறீங்களா?” என்று காரின் முன்னாலேயே நின்றுவிட்டார், இறங்கினோம், காப்பி குடித்தோம். பங்காரம்மா வீட்டில் அப்போதுதான் மாடு கறக்க உட்கார்ந்தார்கள், “ரெண்டே நிமிசமுங்க” என்றார்கள், மாடு அந்த இரண்டு நிமிடத்துக்கு ஒப்புக்கொள்ளவில்லை. நான் கடிகாரத்தைக் காட்டினேன். “அங்க எறங்கிட்டு இங்க எறங்கலீன்னா நாளைக்கு மூஞ்சில முழிக்க முடியுமா கண்ணு?” என்றார் அப்பா. மூன்றாவது வீடு யாருடையதென்று எனக்குத் தெரியாது. அப்பாவுக்கும் தெரியாதென்று பின்னால் ஒப்புக்கொண்டார். வாசலில் நின்ற அந்த வீட்டு அம்மா கும்பிட்டார்கள், அதனால் இறங்கினோம். அங்கே காப்பியோடு பணியாரம்.

உங்கள் வீட்டுக்கு வந்தபோது மணி ஏழு பத்து. “மாமன் கையில டம்ளர் இருக்குது அம்மணி, பாக்காத மாதிரி இரு” என்று சொல்லிவிட்டு அப்பா தலையைக் குனிந்துகொண்டார். ஓட்டுகிறவர் குனிந்தால் கார் என்ன செய்யும்? உங்கள் வேலியில் சாய்ந்திருக்கும் கல்தூண் அப்படிச் சாய்ந்ததுதான்.

மாமா, உங்களை மதிக்காமல் போகவில்லை. நின்றிருந்தால் நீங்கள் சும்மா அனுப்பியிருக்க மாட்டீர்கள். என் அண்ணன் பக்கத்தில் நான் நிற்க வேண்டும் என்ற ஒரே காரணத்துக்காகத்தான் அந்த டம்ளரைத் தாண்டிப் போனோம். அதற்காக மன்னியுங்கள். தூணை அப்பா வந்து நட்டுத் தருவார். அத்தைக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள், உங்கள் ஆசி எங்கள் எல்லாருக்கும் வேண்டும்.

அன்புடன்,
லோகப்பிரியா

பி.கு.: நாங்கள் மண்டபம் சேர்ந்தபோது இணைச்சீர் முடிந்திருந்தது. நல்ல நேரம் தவறிவிடும் என்று சித்தப்பா மகள் மோகனப்பிரியாவை நிறுத்திவிட்டார்கள். அவள் துடியலூரிலிருந்து எங்களுக்கு அரை மணி நேரம் பின்னால் கிளம்பி, மேட்டுப்பாளையம் சாலையிலேயே வந்தவள். அன்று ஞாயிற்றுக்கிழமை, பாலம் வேலை இல்லை.