ஸ்டாப்பிங் பாயும் ஆறு மணி நேரப் பந்தயமும்

கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவே, ரோட்டோரம் நின்று கையைத் தூக்கிச் சோம்பல் முறிக்கவே ஜனங்கள் பயந்த காலம் ஒன்று உண்டு. தூக்கினால், வாடகைக் கார் ஓட்டிய ஸ்டாப்பிங் பாய் வண்டியை நிறுத்திவிடுவார். நிறுத்திவிட்டால் ஏறாமல் தப்பிக்க முடியாது. ஆலப்பாக்கத்தில் கொடியில் புடவை உலர்த்திக்கொண்டிருந்த ஓர் அம்மாவை அவர் சிதம்பரம் வரைக்கும் கொண்டுபோய் இறக்கியதாக ஒரு கதை உண்டு. நான் நம்புகிறேன். அந்த அம்மாவுக்கும் சிதம்பரத்தில் ஏதோ வேலை இருந்ததாம்.

பாயின் காரில் தினமும் போய்வந்த நிரந்தரக் கிராக்கிகள் நாங்கள் மூன்று பேர். நான் சிதம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். சீனு சார் அங்கே ஒரு பாலிடெக்னிக்கில் வெல்டிங் சொல்லிக்கொடுப்பவர். மலர் ஆஸ்பத்திரி நர்ஸ். தேவனாம்பட்டினத்து மீனவக் குடும்பத்துப் பெண். நாலாவது இடம் கையைத் தூக்குகிறவர்களுக்கு. நாலாவது நிறைந்த பிறகும் கை தூக்கினால் ஐந்தாவது, ஆறாவது என்று இடம் முளைக்கும். நான் சீனு சாரின் டிபன் கேரியரை மடியில் வைத்துக்கொண்டு போன நாட்கள்தான் அதிகம்.

“பாய், முதல் பீரியட் போச்சு” என்று ஒருநாள் எரிந்து விழுந்தேன்.

“கையத் தூக்குறவன் பொழுது போவாமயா தூக்குறான் டீச்சரு? அவனுக்கு என்னா அவசரமோ.”

ஏறுகிறவர் எங்கே போக வேண்டும் என்று சொன்னாலும் பாயிடம் ஒரே பதில்தான். “ஏறுங்க, போற வழிதான்.” நாங்கள் சிதம்பரம் போய்க்கொண்டிருக்கும்போது ஒரு பெரியவர் ஏறி, திருவந்திபுரம் போக வேண்டும் என்றார். அது நேர் எதிர்த்திசை. “போற வழிதான்” என்று வண்டியைத் திருப்பிவிட்டார். அன்றைக்கு மூன்று பேருக்கும் அரை நாள் லீவு.

கார் எப்படிப்பட்டது என்று சொல்ல வேண்டும். அது வந்த காலத்திலேயே சந்தையில் இருந்த செடான்களில் ஆகச் சல்லிசானது. வெள்ளையாகப் பிறந்து சாம்பலாக மாறிவிட்டது. இடப்பக்கப் பின்கதவு உள்ளிருந்து திறக்காது, வலப்பக்கத்தது வெளியிலிருந்து திறக்காது. பெரிய வியாதி ஒன்று உண்டு. எஞ்சின் சூடாக இருக்கும்போது அணைத்துவிட்டால் செல்ஃப் எடுக்காது. புதுச்சத்திரத்தில் டீ குடிக்க நிறுத்தினால் கிளம்பும்போது தள்ளித்தான் ஆக வேண்டும். டிக்கியின் இடது மூலை எனக்கு, வலது மூலை மலருக்கு, பின்கதவு ஓரம் சீனு சாருக்கு. புடவையைச் செருகிக்கொண்டு நாங்கள் தள்ள, பாய் இரண்டாவது கியரில் கிளட்சை விட, வண்டி கனைத்துக்கொண்டு கிளம்பும். மஞ்சக்குப்பம் ஸ்டாண்டில் புது வண்டிக்காரர்கள் கையைத் தட்டிச் சிரிப்பார்கள். சிரிக்கட்டுமே. அவர்கள் வண்டியில் ஏறுகிறவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரின் பெயராவது தெரியுமா?

சிரித்தவர்களில் முதல் ஆள் பாயின் மச்சான். மனைவியின் தம்பி. கடலூர் ஓ.டி. என்கிற பழைய டவுனில், பழைய வண்டிகளை உடைத்து விற்கும் இரும்புக்கடை வைத்திருந்தார். வாரத்துக்கு ஒரு தடவை வந்து பானெட்டைத் தட்டிப் பார்ப்பார்.

“மச்சான், இத உடைக்கிற வேலைய எனக்கு வுட்ருங்க. அடுத்த எஃப்.சி.க்கு இது தேறாது. நடு ரோட்டுல நின்னு மானம் போறதுக்கு முன்னாடி மரியாதையா அனுப்பி வச்சிருவோம்.”

“என் வண்டி ஒருநாளும் நடு ரோட்டுல நின்னதில்ல.”

“தெனமும் டீச்சரம்மா தள்ளுறாங்களே, அது என்னாவாம்?”

“அது எக்சசைஸு” என்றார் பாய்.

இந்தச் சண்டைக்கு நடுவில்தான் வாயே திறக்காத சீனு சார் வாயைத் திறந்தார். போனில் ஒரு அறிவிப்பைக் காட்டினார். சென்னைக்கு அந்தப் பக்கம் ஒரு பந்தயத் தடத்தில், சாதாரண ஆட்கள் பழைய கார்களை ஓட்டும் போட்டி. வேகமாகப் போகிறவனைவிட நிற்காமல் போகிறவனுக்குத்தான் மரியாதை. காலை பத்து மணிக்குக் கிளம்பினால் மாலை நாலு மணி வரைக்கும் ஓட வேண்டும். வண்டிக்கு இரண்டு டிரைவர்.

மச்சான் விழுந்து விழுந்து சிரித்தார். “இதுவா? ஆறு மணி நேரமா?”

பாய்க்கு ரோஷம் வந்துவிட்டது. “ஓடும். நாலு மணிக்குக் கோட்டத் தாண்டிச்சின்னா இந்த வண்டிய உடைக்கிற பேச்ச நீ ஜென்மத்துக்கும் எடுக்கக் கூடாது. நடுவுல படுத்துடிச்சின்னா அங்கேருந்தே உன் லாரில ஏத்திக்க.”

கையில் அடித்துக்கொடுத்தார்கள்.

அடுத்த ஒரு மாதம் ஞாயிற்றுக்கிழமைகளெல்லாம் பாய் வீட்டு வாசலிலேயே போயின. பந்தய வண்டியில் டிரைவர் சீட்டைத் தவிர எதுவும் இருக்கக் கூடாதாம். பின்சீட்டைக் கழற்றினோம்; அந்த ஒரு மாதம் எங்களுக்குப் பஸ்தான். சீட்டுக்கு அடியில் ஒரு நகரமே இருந்தது. ஹேர்பின்கள், ஒற்றைக் கொலுசு, குழந்தையின் செருப்பு, வடலூர் விபூதிப் பொட்டலம், ஒரு ஹால் டிக்கெட், எந்த ஆண்டுக் கருவாடு என்று சொல்ல முடியாத ஒரு கருவாடு. மலர் அதை மோந்து பார்த்து, “வாளைக் கருவாடு, நல்லாத்தான் இருக்கு” என்றாள். எல்லாவற்றையும் குப்பையில் கொட்டப் போனேன். பாய் கையைப் பிடித்துக்கொண்டார். “பசிஞ்சருங்க சாமான் டீச்சரு. தேடிட்டு வருவாங்க.” ஒரு சாக்கில் கட்டி வைத்தார். ஹால் டிக்கெட் பெண்ணுக்கு இந்நேரம் கல்யாணமே ஆகியிருக்கும்.

தரைவிரிப்பு, கூரைத் துணி, ஏ.சி., கதவுகளின் உள்பலகை எல்லாம் போயின. சீனு சார் இரும்புக் குழாய்களை வளைத்து உள்ளே கூண்டு கட்டி வெல்டிங் வைத்தார். வண்டி கவிழ்ந்தாலும் ஆளுக்கு ஒன்றும் ஆகாது. “ஜெயிலுக்குள்ள உக்காந்து ஓட்டச் சொல்றியா சாரு?” என்று பாய் முனகினார். ரேடியேட்டரை அலசினோம். பிரேக் கட்டைகள் புதிதாக மாற்றினோம். ஹாரனைக் கழற்றலாம் என்று சீனு சார் சொன்னபோது மட்டும் பாய் ஸ்பேனரை வீசிவிட்டு வீட்டுக்குள் போய்விட்டார். ஹாரன் தங்கியது.

பெரிய சண்டை ஒரு சுவிட்சுக்காக நடந்தது. விபத்து என்றால் யாரும் ஓடிவந்து எஞ்சினை அணைக்கும்படி, வண்டிக்கு வெளியே ஒரு சுவிட்ச் வைக்க வேண்டும் என்பது விதி.

“எவன் வேணா வந்து என் வண்டிய அணைப்பானா? அதுக்கு அவன் கையக் காட்டுனா நானே நிறுத்திட்டுப் போறேன்!”

நாங்கள் சிரித்தோம். அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

இரண்டாவது டிரைவர் மலர். அந்தக் காரிலேயே ஓட்டப் பழகியவள். டிரைவர் மாறுகிற ஒத்திகைக்கு நான் பி.டி. சாரின் விசிலையும் ஸ்டாப் வாட்ச்சையும் வாங்கி வந்தேன். பாய் இறங்க, மலர் ஏற, பெல்ட்டை மாட்ட, கதவைச் சாத்த. மூன்றே வாரத்தில் நாற்பது நொடிக்கு வந்துவிட்டோம். பந்தயத்தில் காட்டும் கலர்க் கொடிகளுக்கும் பாடம் நடத்தினேன். மலர் தெருமுனையில் நின்று கலர் கலராகக் கர்ச்சீப்பை ஆட்டுவாள். “சிவப்பு தவிர எதுக்கும் நிக்கக் கூடாது பாய்” என்று நூறு தடவை சொன்னோம். பாய் தேறிவிட்டார்.

செல்ஃப் மோட்டாரை யாரும் தொடவில்லை. ஒருநாள் சீனு சார் அதைக் கையில் எடுத்தார்தான். “அத ஏன் நோண்டுற? தள்ளத்தான் மூணு பேரு இருக்கீங்களே” என்றார் பாய். நாங்களும் ஆமாம் என்று தலையாட்டினோம். இத்தனை வருஷமாக அந்த வண்டிக்குச் செல்ஃப் நாங்கள்தான். பழுது என்பதே எங்கள் கண்ணில் படவில்லை.

பந்தயத் தடத்தைப் பார்த்ததும் பாய்க்கு முகம் வாடிவிட்டது. “என்னா டீச்சரு, இந்த ரோட்டுல ஆளே இல்ல? ஆறு மணி நேரம் ஓட்டி ஏறுன எடத்துலயே எறங்கணுமா?”

பக்கத்துக் கொட்டகைகளில் லேப்டாப்பும் ஒரே நிறத்துச் சட்டையுமாக ஆட்கள். எங்களிடம் விசிலும் ஒரு தூக்கு லெமன் சாதமும் இருந்தன. ஒருவர் வந்து எங்கள் வண்டியைப் பார்த்து, “ஃபன்னுக்காகவா மேடம்?” என்றார். “இல்லை, வண்டியின் உயிருக்காக” என்றேன். அவர் போய்விட்டார். மச்சான் சொன்னபடியே லாரியோடு வந்து, சங்கிலியை வெளியே தெரிகிற மாதிரி தொங்கவிட்டிருந்தார்.

பிஸ்மில்லா சொல்லிப் பாய் கிளம்பினார். எல்லோரும் அவரைத் தாண்டினார்கள். தாண்டிய ஒவ்வொருவருக்கும் ஹாரன் அடித்து வழி விட்டார். அது நன்றியா திட்டா என்று அவர்களுக்குப் புரியவில்லை. இரண்டு மணி நேரம் கழித்து மலர் ஏறினாள். டிரைவர் மாறும்போது எஞ்சினை அணைக்காமல் பார்த்துக்கொண்டோம். அந்த மட்டுக்கும் புத்தி இருந்தது. மலர் ஓட்டிய இரண்டு மணி நேரத்தில் நாலு வண்டிகளைத் தாண்டினாள். லேப்டாப் கொட்டகை வண்டி ஒன்று புகையோடு இழுத்துவரப்பட்டது. “ஃபன்னா சார்?” என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. டீச்சர் என்பதால் அடக்கிக்கொண்டேன்.

கடைசி இரண்டு மணி நேரம் மறுபடி பாய். மூன்றரை ஆயிற்று. வண்டி ஓடிக்கொண்டிருந்தது. மச்சான் சங்கிலியைக் கையில் சுருட்டுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தார்.

அப்போது தூரத்து வளைவில், ஆரஞ்சு கோட்டுப் போட்ட ஒரு பணியாளர் தொப்பியைக் கழற்றி, நெற்றி வியர்வையைத் துடைக்கக் கையைத் தூக்கினார்.

எங்கள் கார் இண்டிகேட்டர் போட்டு ஓரங்கட்டியது.

கொடிக்குப் பழக்கியிருந்தோம். வெறும் கைக்குப் பழக்க மறந்துவிட்டோம். பிற்பாடு அந்தப் பணியாளரே வந்து சொன்னார். பாய் ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கி, “எங்க போவணும் தம்பி?” என்று கேட்டிருக்கிறார். டிரைவருக்கு ஏதோ ஆகிவிட்டது என்று அவர் பதறி, படித்த பாடப்படி ஓடிவந்து வெளிச் சுவிட்சைத் திருப்பிவிட்டார். எஞ்சின் அணைந்தது. கொதிக்கிற எஞ்சின்.

தடத்தின் ஓரச் சுவருக்கு இந்தப் பக்கம் நாங்கள் மூன்று பேரும் எங்கள் எங்கள் மூலைக்கு ஓடத் தயாரானோம். பந்தய அதிகாரி ஒருவர் குறுக்கே கையை நீட்டினார். அணிக்காரர்கள் தடத்துக்குள் கால் வைத்தால் வண்டி ஆட்டத்திலிருந்து நீக்கப்படும். வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தக் கார் எங்கள் கை இல்லாமல் நின்றது. மலர் அழுதாள். நான் அதிகாரியோடு சண்டை போட்டேன். என்ன பேசினேன் என்று எழுத முடியாது.

பந்தய விதிப்படி, நின்றுபோன வண்டியைப் பணியாளர்கள் ஓரமாகத் தள்ளிப்போடலாம். மூன்று பேர் ஓடிவந்து தடுப்புக்கு வெளியே தள்ள ஆரம்பித்தார்கள். தள்ளிவிட்டால் கதை முடிந்தது. அப்போது எனக்குப் பின்னாலிருந்து ஒரு அலறல் கேட்டது.

“மச்சான்! சுவிட்சப் போடச் சொல்லு! செகண்டு கியரு மச்சான், செகண்டு கியரு!”

சுவர் மேல் ஏறி நின்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தது இரும்புக்கடை மச்சான். சங்கிலி கீழே கிடந்தது.

அவ்வளவு தூரத்துக்கு அது கேட்டிருக்காது. பாய்க்குக் கேட்கவும் தேவையில்லை. ஜன்னல் வழியே கையை நீட்டி, “சுவிட்சப் போட்டு இன்னும் கொஞ்சம் வேகமாத் தள்ளுங்க தம்பி” என்றிருக்கிறார். அவர் கேட்டால் யாரும் தள்ளுவார்கள். நாங்கள் தள்ளவில்லையா? வண்டி கனைத்தது. புகை விட்டது. கிளம்பியது. கிளம்பும்போது, “ஏறிக்கிறீங்களா, போற வழிதான்” என்று வேறு கேட்டாராம்.

நாலு மணிக்குக் கோட்டைத் தாண்டினார். ஓடி முடித்த வண்டிகளில் கடைசி. தள்ளியதற்காகச் சில சுற்றுகளைக் கழித்துக்கொண்டார்கள். கழித்துக்கொள்ளட்டும்.

மச்சான் அதற்குள் சங்கிலியை எடுத்துக்கொண்டு பழைய ஆளாகிவிட்டார். “நடுவுல நின்னுச்சில்ல?”

பாய் ஹெல்மெட்டைக் கழற்றினார். வேர்த்து நனைந்த தொப்பியைச் சரிசெய்தார். “வண்டி மேல பழி போடாத மச்சான். நிறுத்துனது நானு. ஒருத்தன் வெயில்ல கையத் தூக்குறான், என்னால தாண்டிப் போவ முடியாது. பந்தயம்னாலும் முடியாது.”

மச்சான் சங்கிலியை லாரிக்குள் எறிந்தார். ஆறு மணி நேரம் ஓடிய காரை உடனே ஊர் வரைக்கும் ஓட்ட வேண்டாம் என்று சீனு சார் சொன்னதால், அது அவர் லாரியில்தான் ஏறியது. பாய் இறங்க மறுத்துக் காருக்குள்ளேயே உட்கார்ந்து வந்தார். வழியில் யாராவது கையைத் தூக்கினால் ஹாரன் அடிப்பார். மச்சான் திட்டிக்கொண்டே லாரியை நிறுத்துவார். கடலூர் வந்து சேர்வதற்குள் ஒன்பது பேரை ஏற்றி இறக்கியிருந்தோம். அடுத்த வாரமே மச்சான் தன் கடையிலிருந்து நல்லதாக ஒரு செல்ஃப் மோட்டார் எடுத்துவந்து, யாரிடமும் சொல்லாமல் மாட்டிவிட்டுப் போனார்.

நான் இப்போது சென்னையில் இருக்கிறேன். இங்கே கையைத் தூக்கினால் யாரும் நிற்பதில்லை. போன மாதம் ஊருக்குப் போனபோது, வேலை ஒன்றும் இல்லாமலே ஆலப்பாக்கத்தில் பஸ்ஸைவிட்டு இறங்கி ரோட்டோரம் நின்றேன். சாம்பல் நிறக் கார் தெரிந்ததும் கையைத் தூக்கினேன். இண்டிகேட்டர் போட்டு ஓரங்கட்டியது.

“எங்க போவணும் டீச்சரு?”

“எங்கேயும் இல்ல பாய். உங்களப் பாக்கணும்போல இருந்துச்சு.”

அவர் பின்கதவை வெளியிலிருந்து திறக்க இறங்கி வந்தார். “அப்ப ஏறுங்க. போற வழிதான்.”