பெரியவருக்குப் பாதி வாய் வைத்தியம்

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தம்பி எழுதிக்கொண்டது. இங்கே நான், என் மனைவி, லாயக்காரர், லாயத்தில் உள்ள மூன்று குதிரைகள் யாவரும் நலம். நான்காவது குதிரையைப் பற்றி எழுதத்தான் இந்தக் கடிதம். அங்கே உன் மகளும் பிறந்த பிள்ளையும் சுகமாக இருப்பார்கள் என்று நம்புகிறேன். குழந்தைக்கு உன் மூக்கு வந்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். போகட்டும், வளர வளரச் சரியாகிவிடும்.

விஷயத்துக்கு வருகிறேன். பதறாதே, உட்கார்ந்து படி. பெரியவர் சரியாகச் சாப்பிடுவதில்லை. இந்த லாயத்துக் குதிரைகளில் மூத்தவர் என்று நீதான் அவருக்கு அந்தப் பெயர் வைத்தாய். அவரும் அதற்கேற்ப, யார் எதிரே போனாலும் வாடகை பாக்கி வைத்தவனைப் பார்ப்பதுபோல் ஏற இறங்கப் பார்ப்பார். இப்போது அந்தப் பார்வைகூட இல்லை. விலா எலும்புகள் வரிவரியாகத் தெரிகின்றன. அவர் வயதில் உடம்பு ஒருமுறை இறங்கினால் மறுபடி ஏறுவது சந்தேகம் என்று நீயே சொல்லியிருக்கிறாய். இதற்குக் காரணம் யார் என்பதை நான் கண்டுபிடித்துவிட்டேன். ஆனால் முதலிலிருந்து சொன்னால்தான் உனக்கு விளங்கும்.

மகள் பிரசவத்துக்கு நீ கிளம்பும்போது ஒரே ஒரு வேலை சொன்னாய். "டாக்டரம்மா வருவாங்க. வருஷா வருஷம் பல் அராவுறது வழக்கம்தான். நீ சும்மா கூட நில்லு. வாயைத் திறக்க வேண்டியது பெரியவர் மட்டும்தான்." நானும் அப்படித்தான் இருந்தேன், அந்த அம்மாள் வேனைத் திறந்து சாமான்களை இறக்கும்வரை. முழங்கை நீளத்துக்கு அரங்கள், வாயைப் பிளந்து பிடிக்க ஒரு இரும்புக் கூடு, வாளி, நெற்றியில் கட்டிக்கொள்ள ஒரு விளக்கு. பல் வைத்தியத்துக்கு வந்த மாதிரியா இருந்தது? ஏதோ பெட்டகத்தை உடைக்க வந்த மாதிரி இருந்தது.

"இவருக்கு என்னம்மா வியாதி?" என்றேன்.

"ஒண்ணுமில்ல சார். வருஷத்துக்கு ஒரு தடவை பார்க்கிறதுதான்."

அக்கா, வியாதியே இல்லாத இடத்துக்கு வைத்தியர் தானாக வந்தால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? மேலே கிளறினேன். குதிரைக்குப் பல் வெளியே வந்துகொண்டே இருக்குமாம். மெல்ல மெல்லத் தேயுமாம். ஆனால் சமமாகத் தேயாதாம். ஓரமெல்லாம் கத்திபோல் கூராகிக் கன்னத்தையும் நாக்கையும் அறுக்குமாம். அந்தக் கூரை மட்டும் அராவி எடுத்துவிட்டால் நிம்மதியாக மெல்லுவாராம்.

"பல்லு வந்துகிட்டே இருக்குமா? எனக்கு இருக்கிறதே ஒவ்வொண்ணா விடை வாங்கிட்டுப் போகுது, இவருக்கு மட்டும் எப்படிம்மா?"

"அதுக்கு நீங்க குதிரையாப் பொறந்திருக்கணும் சார்."

லாயக்காரர் களுக்கென்று சிரித்தார். அந்தச் சிரிப்பை அப்போதே மனசில் குறித்துக்கொண்டேன்.

அப்புறம் ஒரு ஊசி போட்டாள் பார், பெரியவரின் தலை அப்படியே தொங்கிவிட்டது. கீழுதடு தனியாக ஆடியது. விருந்துக்குப் பிறகு கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் நம் சித்தப்பாவை நினைத்துக்கொள், அதேதான். "ஐயையோ, ஆளு போயிட்டாரா?" என்று கத்திவிட்டேன். "கிறக்கத்துல நிக்கிறார் சார். நீங்க கத்தாம இருந்தா இன்னும் நல்லா நிப்பார்" என்றாள். தலையை ஒரு தாங்கியில் வைத்து, இரும்புக் கூட்டை மாட்டி வாயைத் திறந்து, வாளித் தண்ணீரால் கொப்பளிக்க வைத்து, விளக்கை அடித்துப் பார்த்துவிட்டு, "சந்தேகமா இருந்தா கையை விட்டுப் பாருங்க சார், கூர் தட்டும்" என்றாள். விட்டேன். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு விட்டேன். ஏதோ தட்டியது. அது அவர் பல்லா, என் மோதிரமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. "தட்டுதா?" என்றாள். மானம் போகக்கூடாதே என்று தலையாட்டி வைத்தேன்.

பிறகு அராவல். தச்சுப் பட்டறை தோற்றது போ. வெள்ளை வெள்ளையாகத் தூள் பறந்தது. இதெல்லாம் பெரியவரின் சொந்தச் சொத்து அல்லவா, நம் கண்ணெதிரே இப்படிக் கரைகிறதே என்று பறக்கிற தூளைக் கையேந்திப் பிடித்துப் பார்த்தேன். அவள் நிமிர்ந்து, "இடது பக்கம் முடிஞ்சது. அடுத்து வலது" என்றாள். அந்த நேரத்தில்தான் என் மூளை வேலை செய்தது. துணிக்கடையில்கூட நான் ஒரு முழம் வாங்கிப் போய்த் துவைத்து, சாயம் போகவில்லை என்று தெரிந்தால்தான் மிச்சத்தை வாங்குகிறவன். உனக்குத்தான் தெரியுமே.

"நிறுத்துங்கம்மா. ஒரு பக்கம் போதும். ஒரு வாரம் மென்னு பார்க்கட்டும். திருப்தியா இருந்தா அடுத்த பக்கத்துக்குச் சொல்லி அனுப்புறேன்."

"சார், பாதி மூஞ்சி ஷேவ் பண்ணிட்டு சலூன்லேர்ந்து எழுந்து போவீங்களா?"

"கத்தி பிடிக்கிற ஆள் மேல சந்தேகம் வந்தா போவேம்மா."

நெற்றி விளக்கை அணைத்தாள். அரங்களைத் துடைத்து ஒவ்வொன்றாகப் பெட்டியில் வைத்தாள். "கஷ்டப்படப் போறது நீங்க இல்ல, அவர்தான்" என்று சொல்லிவிட்டு வேனில் ஏறிப் போய்விட்டாள். லாயக்காரர், "ஐயா, வேணாங்கய்யா, ஓடிப்போய்க் கூப்பிடுறேன்" என்று கெஞ்சினார். இவருக்கு ஏன் இத்தனை அக்கறை என்று அவரையும் சந்தேகப் பட்டியலில் சேர்த்தேன்.

அதிலிருந்து பிடித்தது சனியன். பெரியவர் வாயில் போட்ட புல் பாதி மென்று, பிழிந்த துணி உருண்டைபோல் வெளியே விழுகிறது. கொள்ளு வைத்தால் பாதி வாளிக்கே திரும்புகிறது. கொள்ளு குறைகிறதே, லாயக்காரர்தான் கை வைக்கிறார் என்று முதலில் நினைத்து, கையும் களவுமாகப் பிடிக்க ஒரு மதியம் மூட்டைகளுக்குப் பின்னால் ஒளிந்தேன். ஒளிந்த இடத்திலேயே தூங்கிப்போனேன். விழித்தபோது என்மேல் குதிரைக் கம்பளி போர்த்தியிருந்தது. திருடன் இவ்வளவு கனிவாக இருப்பானா? இருந்தால் கெட்டிக்காரத் திருடன் என்று அன்று முழுக்க யோசித்தேன்.

கடைசியில் நானே துப்புத் துலக்கினேன். பெரியவருக்கு நேர் எதிரே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, அவர் முகத்தை வைத்த கண் வாங்காமல் பார்த்தேன். அவரும் என்னைப் பார்த்தார். மெல்வதெல்லாம் வலது பக்கம். இடது பக்கம் புல் போனாலே முகத்தைச் சுளித்துத் துப்பிவிடுகிறார். அந்த அம்மாள் கை வைத்தது எந்தப் பக்கம்? இடது! போதுமா சாட்சி? நல்லவேளை நான் நடுவில் நிறுத்தினேன், இல்லாவிட்டால் வலதும் போயிருக்கும். கால்நடை மருத்துவர் சங்கத்துக்குப் புகார் எழுதி உறையில் போட்டுத் தயாராக வைத்திருக்கிறேன். நீ சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் தபாலில் சேர்த்துவிடுவேன். இனி அந்த வேன் நம் வாசலில் நிற்கக்கூடாது.

உன் மகளுக்கு என் ஆசி. குழந்தையின் உச்சந்தலையில் எனக்காக ஒரு முத்தம். நீ வேளாவேளைக்குச் சாப்பிடு. இங்கே ஒருவர் சாப்பிடாமல் இருப்பது போதும்.

இப்படிக்கு, உன் லாயத்தைக் கண்ணும் கருத்துமாகக் காக்கும்,
தம்பி

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது என் மனைவி வந்தாள். பெருமையாக முழுக் கடிதத்தையும் வாசித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, "என்னங்க, ஸ்டூலை எங்க போட்டீங்க?" என்றாள். "நேர் எதிர்ல." "எதிர்ல உட்கார்ந்தா உங்களுக்கு இடது, அவருக்கு என்ன?" என்றாள். கையைப் பிடித்து இழுத்துப்போய், பெரியவருக்குப் பக்கத்தில், அவர் பார்க்கும் திசையிலேயே என்னை நிறுத்தி, "இப்ப உங்க இடது கையைத் தூக்குங்க" என்றாள். தூக்கினேன். அது, பாவம், அவர் நிம்மதியாக மென்றுகொண்டிருந்த பக்கம். அராவிய பக்கம். துப்புகிற பக்கம் நான் அராவ விடாத பக்கம்.

புகாரை அடுப்பில் போட்டாயிற்று. இந்தக் கடிதத்தையும் போட்டிருப்பேன், அவள்தான் பிடுங்கி வைத்துக்கொண்டு, அக்காவுக்குத் தெரியட்டும் என்கிறாள். டாக்டரம்மாவுக்கு அவளே போன் செய்தாள். வருவதாகச் சொன்னாளாம், ஒரே நிபந்தனையில்: "சார் எங்காவது உள்ள இருக்கணும்." ஆகையால் இதை நான் தீவன அறையிலிருந்து எழுதுகிறேன். வெளியே தாழ். அராவல் ஆரம்பித்துவிட்டது. கதவிடுக்கு வழியே பார்த்தால் பெரியவரின் முகம் எனக்கு நேராக இருக்கிறது. அந்த அம்மாள் அராவுவது எனக்கு இடது பக்கம். அப்படியென்றால் அவருக்கு வலதுதானே, அக்கா? எதற்கும் நீ ஒருமுறை எழுந்து, அந்தப் பக்கம் திரும்பி நின்று பார்த்துவிட்டு உடனே பதில் போடு.