சுறாவின் மூக்கும் என் மூக்கும்

அன்பையும் அதட்டலையும் ஒரே குரலில் வைத்திருக்கும் அக்காவுக்கு, தம்பி பணிவோடு எழுதுவது. இங்கே நானும் உன் தம்பி பெண்டாட்டியும் நலம். நீயும் அத்தானும் பிள்ளைகளும் அப்படியே இருக்க வேண்டும். இரண்டு கடிதத்துக்கும் பதில் போடவில்லை என்று கோபித்திருந்தாய். நடந்ததைக் கேட்டால் நீயே மன்னித்துவிடுவாய்.

நான் குழாய் வேலை பார்க்கும் மீன் காட்சியகத்தில் பெரிய தொட்டி ஒன்று உண்டு, அதில் ஒரு சுறா. எல்லாரும் அவளை ‘மேடம்’ என்போம். ஆள் நீளம், யாரையும் லட்சியம் செய்யாத போக்கு. போன திங்கட்கிழமை அந்தத் தண்ணீரில் நச்சு ஏறத் தொடங்கியது. எங்கேயோ ஒரு மீன் செத்து அழுகுகிறது என்றார் மீன் மருத்துவர் அம்மா. முக்குளிப்பவர் பாறை இடுக்கெல்லாம் துழாவிவிட்டு வெறுங்கையோடு ஏறினார். புதன்கிழமைக்குள் சின்ன மீன்கள் ஒருக்களித்து நீந்த ஆரம்பித்துவிட்டன, அந்த அம்மா கண்ணாடியில் கையை வைத்துக்கொண்டு நின்றதைப் பார்க்க எனக்கு என்னவோ போல் இருந்தது. மேலாளர் என்னைக் கூப்பிட்டு, “தண்ணி வர்ற நாலு குழாயையும் மோந்து பாருங்க, எதுலன்னு தெரிஞ்சிடும்” என்றார். மூன்று வருஷத்துக்கு முன்பு வந்த காய்ச்சல் என் மோப்பத்தை வாரிக்கொண்டு போனது உனக்குத் தெரியும், பால் கருகிப் பாத்திரம் ஓட்டையான பிறகுதான் எனக்கு அடுப்பு ஞாபகம் வரும். அதை வேலைக்குச் சேரும்போது நான் சொல்லவில்லை. ஆகவே நாலு குழாயிலும் மூக்கை வைத்து, முகத்தை நாலு விதமாகச் சுளித்து, “எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கு சார்” என்று உள்ளதைச் சொன்னேன்.

சொல்லிவிட்டேனே தவிர மனசு கேட்கவில்லை. தொட்டியின் மேல் பலகையில் போய் உட்கார்ந்தேன். அப்போதுதான் மேடத்தைக் கவனித்தேன். தலையை இடதும் வலதுமாக ஆட்டியபடி, கோணல் மாணலாக வந்து, மூன்றாவது குழாயின் வாயில் மூக்கால் முட்டினாள். விலகிப் போனாள், மறுபடி அங்கேயே வந்தாள். ஏழு தடவை எண்ணினேன். ஏன் இப்படித் தலையை ஆட்டிக்கொண்டு வருகிறாள் என்று பக்கத்தில் இருந்த முக்குளிப்பவரிடம் கேட்டேன்.

“அண்ணே, அதுக்கு மூக்கு மூச்சு விடுறதுக்கு இல்ல, மோக்குறதுக்கு மட்டும்தான். தண்ணி ஒரு ஓட்டையில போயி பக்கத்து ஓட்டையில வெளிய வரும். வாசனை வலது மூக்குக்கு முதல்ல வந்தா வலது பக்கம் திரும்பும், இடதுக்கு வந்தா இடது.”

“எவ்வளவு முன்னாடி வரணும்?”

“கண்ணு சிமிட்டுற நேரம் போதும்.”

அக்கா, எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அத்தனை தண்ணீர், அதில் எங்கோ கரைந்துபோன ஒரு துளி, அது எந்த மூக்கை முதலில் தொட்டது என்று ஒரு ஜீவன் ஓசையில்லாமல் கேட்டு நடக்கிறது. நானோ மூன்று வருஷமாக மூக்கைக் கண்ணாடி மாட்டத்தான் வைத்திருக்கிறேன்.

ஓடிப்போய், மூன்றாவது குழாயை அவிழ்க்க வேண்டும் என்றேன். “சுறா சொல்லிச்சுன்னு பம்பை நிறுத்தணுமா?” என்றார் மேலாளர். “நம்ம எல்லாரையும் விட அதுக்குத் தெரியும். அவிழுங்க” என்றார் மருத்துவர் அம்மா. குழாய் வளைவில் இருந்த திருகு மூடியைக் கழற்றினேன். அடுத்த நொடி மேலாளர் மூக்கைப் பொத்திக்கொண்டு படியேறி ஓடினார், முக்குளிப்பவர் அவரை முந்தினார், மருத்துவர் அம்மாவே கதவு வரைக்கும் போய்விட்டார். முழங்கை நீள அழுகல் மீனை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு, இவர்களுக்கெல்லாம் என்ன வந்தது என்று நான் மட்டும் நின்றேன். அன்றிலிருந்து எனக்கு ‘இரும்பு மூக்கு’ என்று பட்டம். நான் மறுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை சின்ன மீன்கள் நிமிர்ந்து நீந்தின. மருத்துவர் அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தார். மேடம் கண்ணாடியை ஒட்டி என்னைக் கடந்து போனாள். கும்பிடத் தோன்றியது. ஆட்கள் இருந்ததால் தலையைச் சொறிந்துகொண்டேன்.

சுறாவென்றால் எனக்கு இனித் துளியும் பயமில்லை, அக்கா. அப்படியொரு பிறவிக்குப் பக்கத்தில் வேலை பார்ப்பதே பாக்கியம். அத்தானுக்கு என் வணக்கம், பிள்ளைகள் நூறாண்டு நன்றாக இருக்கட்டும்.

உன் கோபத்துக்கு என்றும் கட்டுப்பட்ட,
தம்பி

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது மேலாளர் ஃபோன் செய்தார். குழாய் வாய்களுக்கு உள்பக்கமாக வலை மாட்ட வேண்டுமாம், அளவு தெரிந்தவன் நான்தானாம், அடுத்த வியாழக்கிழமை தொட்டிக்குள் இறங்க வேண்டுமாம். மேடத்தை வெளியே எடுக்க மாட்டார்களாம். இதைப் படித்த கையோடு எங்கள் அலுவலகத்துக்கு ஃபோன் போட்டு, உனக்கு ரொம்ப முடியவில்லை, தம்பி உடனே கிளம்பி வர வேண்டும் என்று சொல்லிவிடு. கொஞ்சம் அழுதுகொண்டே சொல்.