அளவுக்கு ஒரு ஆள்

பூவைப் பறிப்பவர்கள் உண்டு, விற்பவர்கள் உண்டு, சும்மா நின்று பார்த்துவிட்டுப் போகிறவர்களும் உண்டு. நாலாவதாக ஓர் இனம் இருக்கிறது. பூவைப் படமெடுப்பவர்கள். கண்ணுக்கும் பூவுக்கும் நடுவில் அரைக்கிலோ கண்ணாடி இல்லாவிட்டால் இவர்களுக்கு எதுவும் தெரியாது. இவர்கள் தனியாகப் போவதும் கிடையாது. கூட ஒரு நண்பன் வேண்டும். எதற்கு? பேச்சுத்துணைக்கா? நல்ல கதை. அளவுக்கு.

வெறும் பூவயலைப் படமெடுத்தால் அது எத்தனை பெரிசு என்று பார்ப்பவனுக்குப் புரியாதாம். தூரத்தில் ஒரு ஆள் சின்னதாக, முதுகைக் காட்டிக்கொண்டு நின்றால்தான் வயல் கடலாகத் தெரியுமாம். அந்த முதுகுதான் நண்பன்.

நம் கதையில் படமெடுப்பவருக்கு லென்ஸ் என்று பட்டப்பெயர். வாரத்தில் ஐந்து நாள் காப்பீட்டு அலுவலகத்தில் கோப்பு புரட்டுகிறார். முதுகுக்குச் சொந்தக்காரர் பல்செட் கட்டுபவர். பல் மருத்துவமனையின் பின்னறையில் மாவும் மெழுகுமாக உட்கார்ந்து, ஊரார் வாய்க்கெல்லாம் சிரிப்பு செய்துகொடுக்கிறவர். வயது முப்பத்தாறு. கல்யாணம் ஆகவில்லை. அதைப் பற்றி அவரைவிட அவருடைய அக்காவுக்குத்தான் கவலை அதிகம் என்று வெளியில் சொல்லிக்கொள்வார். பொய். அவருக்கும் உண்டு.

தன்னோடு வேலை பார்க்கும் ஒரு பெண்ணிடம் அக்கா ஆறு மாதமாகத் தம்பி புராணம் பாடிப் பாடி, கடைசியில் அவள், "சரிக்கா, ஒரு படமாவது காட்டுங்க, பாப்போம்" என்று இறங்கி வந்திருந்தாள். ஞாயிறு சாயங்காலம் ஐந்து மணிக்கு அக்காவும் அவளும் தேநீர் குடிக்கப் போகிறார்கள். அதற்குள் படம் வேண்டும். பல்செட்காரர் வீட்டில் தேடினார். பத்து வருஷமாக லென்ஸோடு ஏறாத மலை இல்லை, இறங்காத கடற்கரை இல்லை. எல்லாப் படத்திலும் இருக்கிறார். எல்லாவற்றிலும் முதுகு. தானே கையை நீட்டி எடுத்துப் பார்த்ததில் மூக்கு மட்டும் வந்தது. ஸ்டுடியோவுக்குப் போகலாமா என்று கேட்டதற்கு லென்ஸுக்கு வந்த கோபம் இருக்கிறதே.

"ஸ்டுடியோவா? நான் ஒருத்தன் எதுக்குடா இருக்கேன்? ஞாயித்துக்கிழம பூவயலுக்கு வா. வசந்தத்துல வெளிச்சம் பாலா ஊத்தும். உன்ன எடுக்கற எடுப்புல அந்தப் பொண்ணு அன்னைக்கே சரின்னுடும்."

நம்பினார். இருக்கிறதிலேயே நல்ல நீலச் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு விடியுமுன் கிளம்பினார்.

போய் இறங்கியதும் லென்ஸ் வானத்தைப் பார்த்தார், உச்சுக்கொட்டினார். "முகத்துக்கு இது ஆகாது. மொதல்ல பூவ முடிச்சுடுவோம்." முடிப்பதாவது. ஒரு சிவப்புப் பூவின் முன் குப்புறப் படுத்தார், எழுந்தார், காற்றைத் திட்டினார், மறுபடி படுத்தார், குடிக்கக் கொண்டுவந்திருந்த தண்ணீரை வாங்கி இதழில் தெளித்து, பனித்துளி என்றார், பின்னால் வந்த ஒரு குடும்பத்தையே கையைக் காட்டி நிறுத்தி, அந்த வீட்டுப் பெரியவர் தும்முவதற்குக்கூட உத்தரவு கேட்கிற மாதிரி ஆக்கினார். நண்பரை விட்டாரா? "அந்த ஊதா வரிசைக்குப் போ. இன்னும் தள்ளி. திரும்பாதே. திரும்பினா கெட்டுடும்." பல்செட்காரர் திரும்பவில்லை. பழகிப்போன முதுகு.

பதினொரு மணிக்கு மெதுவாக நினைவூட்டினார். "வெயில் கடுசா இருக்கு, கண்ணுக்குக் கீழ நிழல் விழும்," என்றார் லென்ஸ். இரண்டு மணிக்குக் கேட்டார். "ஒரு மேகம் வரட்டும்." மேகம் வந்தது. "இது அந்த மேகம் இல்ல." நாலு மணிக்கு, லென்ஸ் காலையிலிருந்து ஜபித்துக்கொண்டிருந்த பொன் வெளிச்சம் ஒருவழியாக வயலில் இறங்கியது. லென்ஸ் கேமராவைத் தூக்கிக்கொண்டு மஞ்சள் வரிசைப் பக்கம் ஓடினார்.

"டேய், நான்?"

"பூ நாளைக்கு இருக்காதுடா. உன் மூஞ்சி எங்க போகப்போகுது?"

அவருக்குச் சுருக்கென்றது. முப்பத்தாறு வருஷமாக அந்த மூஞ்சி எங்கும் போகாததுதானே பிரச்சனை. "இப்ப எடுக்கறியா இல்லியா?" என்றார். பத்து வருஷத்தில் முதல்தடவை குரல் உயர்ந்தது. லென்ஸ் பயந்துபோய் எடுத்தார். எடுத்ததைக் காட்டவும் காட்டினார். முன்னால் ஒரே ஒரு மஞ்சள் பூ, நரம்பு நரம்பாக, துல்லியமாக. பின்னால் நீலமாக ஏதோ ஒரு கலங்கல்.

"அது நீதான். எப்படிக் கரைஞ்சிருக்க பாரு," என்றார் லென்ஸ், மனப்பூர்வமான பெருமையோடு.

அக்காவின் அழைப்பு வந்தது. "எதிர்லயே உக்காந்திருக்காடா. அனுப்பு, மானத்த வாங்காத." வேறு வழியில்லாமல், இருந்த முதுகுகளில் நல்ல முதுகாகப் பார்த்து ஒன்றை அனுப்பினார். இரண்டு நிமிடத்தில் பதில் வந்தது. "பூ நல்லா இருக்குங்கறா. நடுவுல நிக்கறது வேலைக்காரரான்னு கேக்கறா."

பல்செட்காரர் நேரே வாசலுக்கு நடந்தார். அங்கே டிக்கெட் கிழிக்கிற அம்மாள் மேசையை ஒழித்துக்கொண்டிருந்தாள். கைபேசியை நீட்டி, "ஒரு படம் எடுத்துத் தர முடியுமாம்மா?" என்று கேட்டார்.

"எங்க நிக்கறீங்க தம்பி? பூ பக்கமா?"

"பூ வேண்டாம்மா."

அந்த அம்மாள் ஏதோ சொல்ல, இவர் சிரிக்க, அவள் அமுக்கினாள். அவ்வளவுதான். மேகம் கேட்கவில்லை, படுக்கவில்லை, மூச்சைப் பிடிக்கச் சொல்லவில்லை. மூலையில் அவளுடைய கட்டைவிரல் விழுந்திருந்தது. பின்னால் ஒரு குப்பைத்தொட்டி. நடுவில் ஒரு மனிதன், கண்ணைச் சுருக்கிக்கொண்டு, வாய் நிறையச் சிரித்துக்கொண்டு.

லென்ஸ் எட்டிப் பார்த்தார். முகம் சுளித்தார். "விரல் விழுந்திருக்கு. கோணம் தப்பு. பூவே இல்லியேடா."

"நான் இருக்கேன்," என்று சொல்லிவிட்டு அனுப்பினார். இந்தத் தடவை பதில் வரக் கால்மணி ஆனது. அந்தக் கால்மணியில் பாவம், ஒரு நாளைக்குக் கட்டுகிற பற்களின் எண்ணிக்கையைவிட அதிகத் தடவை கைபேசியைத் திறந்து மூடினார். "வர்ற ஞாயித்துக்கிழம பாக்கலாம்னு சொல்றா," என்று அக்கா எழுதியிருந்தாள்.

லென்ஸ் தோளில் ஒரு தட்டுத் தட்டினார். உண்மையான சந்தோஷம், அதில் சந்தேகமே வேண்டாம். பிறகு சொன்னார்: "எங்க பாக்கறதுன்னு முடிவு பண்ணிடாதீங்க. எனக்கு ஒரு ஏரிக்கரை தெரியும். நீங்க ரெண்டு பேரும் அந்தப் பக்கமாத் திரும்பி நின்னீங்கன்னா..."

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். சிரித்துவிட்டு உங்கள் கைபேசியைக் கொஞ்சம் திறங்கள். கடைசியாகப் போன பயணத்தில் மலை இருக்கிறது, மாலை வானம் இருக்கிறது, காப்பிக் கோப்பை நாலு கோணத்தில் இருக்கிறது. உங்களோடு வந்தாரே ஒருவர், அவர் முகம் எதில் இருக்கிறது? தேடுங்கள், அவசரமில்லை. அவரும் பக்கத்து அறையில்தான் இருக்கிறார், இத்தனை நாளாக உங்களிடம் எதுவும் கேட்காமல்.