நீலமயிலிக்கு நான் கொடுத்த நிழல்

பொய் சொல்லிப் பிடிபட்டவர்கள் ஊரில் நிறைய பேர் இருக்கிறார்கள். பொய்யாக ஒரு சாமியையே உண்டாக்கி, பெற்ற தாயை அந்தச் சாமிக்கு வெயிலில் உட்கார்ந்து பொங்கல் வைக்க விட்டவன், எனக்குத் தெரிந்து காஞ்சிபுரத்தில் நான் ஒருவன்தான். (பக்கத்து மாவட்டத்தில் யாராவது இருக்கலாம். விசாரிக்கவில்லை.)

அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது. பட்டுப்புடவை பார்டருக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் போடும் வேலை. வாரத்தில் ஆறு நாள் கட்டம் கட்டமாக மயிலையும் மாங்காயையும் நிரப்புவேன். ஞாயிற்றுக்கிழமை மதியம் மட்டும் மந்திரவாதி.

இதை விளக்கியாக வேண்டும். நண்பன் அன்வரின் அப்பாவுக்கு ஜரிகைக் கடை இருந்தது. அதன் மாடியில் நாலு பேர் கூடி ஒரு ஆட்டம் ஆடுவோம். ஆளுக்கொரு கற்பனைப் பாத்திரம்; ஒருவன் வாள்வீரன், ஒருவன் திருடன். அன்வர் ஆட்டத்தை நடத்துபவன். காடு, கோட்டை, பூதம் எல்லாம் அவன் வாயிலிருந்து வரும். நாங்கள் என்ன செய்கிறோம் என்று சொல்லிவிட்டு, இருபது முகம் கொண்ட பகடையை உருட்டுவோம். விழுகிற எண்ணைப் பொறுத்துப் பிழைப்போம், இல்லையென்றால் சாவோம். வீட்டில் இதற்கு ‘ஃப்ரெண்ட்ஸோட டிஸ்கஷன்’ என்று பெயர். பெண் பார்த்துக்கொண்டிருக்கிற வீட்டில், மாப்பிள்ளை பூதத்தோடு சண்டைக்குப் போயிருக்கிறார் என்று யார் சொல்வது?

என் பாத்திரத்தின் பெயர் கருங்கோடன். சொந்தமாக ஒரு சக்தியும் இல்லாதவன். (இதுவரை எனக்கும் அவனுக்கும் வித்தியாசமில்லை.) ஒரு தேவதைக்கு வாக்குக் கொடுத்து, அவள் தயவில் மந்திரம் போடுகிறவன். இந்த மாதிரி ஆளுக்கு முன்கதை எழுதிக்கொண்டு வர வேண்டும் என்பது அன்வரின் சட்டம்.

“மூணே கேள்விதான் மச்சான்” என்றான். “அவகிட்ட இன்னா கேட்ட? பதிலுக்கு இன்னா குடுத்த? வாக்கு மாறினா அவ இன்னா பண்ணுவா? இதுக்குப் பதில் இல்லாம என் எதிர்ல உக்காராத. அப்புறம், ஒப்பந்தத்துக்கு அடையாளமா ஒரு பொருள் எடுத்துக்கினு வா. வெறும் வாயால சொன்னா ஒத்துக்க மாட்டேன்.”

மூன்று வாரம் எழுதினேன். தேவதையின் பெயர் நீலமயிலி. மூன்று நதிகளின் அரசி. அவை கூடுகிற இடத்தில் கரையோர மரத்தில் குடியிருப்பவள். (என் கற்பனை பைக்கில் ஒரு லிட்டர் பெட்ரோலுக்குப் போய்வரக்கூடிய தூரம்தான் போகும். திருமுக்கூடலில் நின்றுவிட்டது.) அவள் கூந்தலுக்கு மட்டும் நாற்பது வரி.

அதே மூன்று வாரமும் அடுத்த அறையில் அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தாள். பித்தப்பையில் கல். எடுத்தே ஆக வேண்டும், தள்ளிப்போட்டால் சீழ் பிடித்துவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அம்மா இரண்டு முறை தேதி வாங்கி இரண்டு முறையும் தள்ளினாள். முதல் தடவை எதிர்வீட்டு வளைகாப்பு. அடுத்த தடவை கேஸ் சிலிண்டர் வருகிற நாள். மூன்றாவது தேதி, வரும் புதன்கிழமை. அவள் பயந்துபோய்த் தள்ளுகிறாள் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அவள் முனகுவது கேட்டால் நான் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு கூந்தலின் நாற்பத்தோராம் வரியை யோசித்தேன். இந்த வாக்கியத்துக்கு நகைச்சுவை எதுவும் என்னிடம் இல்லை.

அடையாளப் பொருளுக்கு நான் ரொம்பத் தூரம் போகவில்லை. வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் சாமியை நினைத்து ஒரு ரூபாய்க் காசை மஞ்சள் துணியில் முடிந்து வைப்போம். குணமானதும் கோயிலில் சேர்ப்போம். இதைவிடக் கெட்டியான ஒப்பந்தம் எந்த மந்திரவாதியிடம் இருக்கிறது? கைக்குட்டையைக் கிழித்தேன், சமையலறை மஞ்சள்தூளைக் கரைத்து முக்கிக் காயவைத்தேன், காசையும் ஒப்பந்தச் சீட்டையும் உள்ளே வைத்து முடிந்தேன். அசல் மாதிரியே இருந்தது. மெச்சிக்கொண்டே பேண்ட் பாக்கெட்டில் போட்டேன். போட்டதை மறந்தேன். பிறகு, இருபத்தெட்டு வருஷ வழக்கப்படி, பேண்ட்டை அழுக்குக் கூடையில் எறிந்தேன். அதைத் துவைக்க அம்மா இருக்கிறாள் அல்லவா.

சனிக்கிழமை சாயங்காலம் வேலை முடிந்து வந்தபோது வீடு கோயில் மாதிரி இருந்தது. விளக்கு எரிந்தது. சாமி படங்களுக்கு முன்னால் ஒரு தட்டு, தட்டில் பூ, பூவின் நடுவே என் முடிச்சு. அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். ஆபரேஷனுக்காகக் குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு வந்திருந்த அக்காவும் இருந்தாள். அப்பா சுவரோரம் நின்றிருந்தார்.

“துணி ஊற வெக்கறதுக்கு முன்னாடி பாக்கெட்ட பாத்தேன்” என்றாள் அம்மா. “எனக்காக முடிஞ்சு வெச்சியாடா?”

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். அம்மாவின் கண்ணில் தண்ணீர். பத்தாவது பரீட்சைக்குப் பிறகு எந்தக் கோயிலிலும் கையெடுத்துக் கும்பிடாத பிள்ளை, தனக்காகக் காசு முடிந்திருக்கிறான். என் தலை தானாக மேலும் கீழும் ஆடியது. ஒரே ஒரு தடவை.

“எந்த சாமிக்கு?”

“நீல... நீலம்மா.”

“எங்க இருக்குது?”

“திருமுக்கூடல்ல. ஆத்தங்கரையில. ஒரு மரத்தடியில.”

“நான் கேள்விப்பட்டதே இல்லியே” என்றார் அப்பா.

“நீங்க எதைத்தான் கேள்விப்பட்டீங்க” என்று அம்மா அவரை முடித்துவிட்டு என்னிடம் திரும்பினாள். “சாமிக்கு முடிஞ்ச காசை அழுக்குப் பேண்ட்ல வெச்சிருக்க. அந்தக் குத்தத்த வெச்சுக்கினு நான் எப்படிப் போயி ஆபரேஷனுக்குப் படுக்கறது? நாளைக்கே போயி பொங்கல் வெச்சு, மன்னிப்பு கேட்டு, காசை சேத்துட்டு வந்துடலாம். இல்லன்னா புதன்கிழம நான் வரல.”

அக்கா என்னைப் பார்த்தாள். எதுவாக இருந்தாலும் இதைச் செய்து தொலை, தேதி தள்ளக்கூடாது என்பது அந்தப் பார்வை. நான் அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். கருங்கோடன் சொல்லியிருப்பான். அவன் தைரியசாலி.

மறுநாள் காலை வண்டிக்கு அன்வரைத்தான் கூப்பிட முடிந்தது. கடை வேனை எடுத்துக்கொண்டு வந்தான். போனில் விஷயத்தைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கோயிலுக்கு என்று மட்டும் சொல்லியிருந்தேன். வேன் கிளம்பி ஊரைத் தாண்டுவதற்குள் அம்மாவே சொல்லிவிட்டாள்.

“உனக்குத் தெரியுமா அன்வரு? இவன் எனக்காக நீலம்மாவுக்கு முடிஞ்சு வெச்சிருக்கான்பா. மூணு ஆறு கூடற எடத்துல மரத்துல இருக்கறாங்களாம்.”

வேன் லேசாக ஒரு பக்கம் போய்த் திரும்பியது. அந்தக் கூந்தலின் நாற்பது வரியையும் படித்து, இருபதாகக் குறைக்கச் சொன்னவன் அவன். கண்ணாடியில் என்னைப் பார்த்தான். நான் ஜன்னல் வழியாக முசரவாக்கம் போகும் பஸ்ஸைப் பார்த்தேன்.

“கேள்விப்பட்டிருக்கேம்மா” என்றான் அன்வர் நிதானமாக. “ரொம்பப் பொல்லாதவங்க. சொன்ன சொல் மாறினா விடவே மாட்டாங்க.”

“பாத்தீங்களா” என்றாள் அம்மா அப்பாவிடம். “அவனுக்குக்கூட தெரிஞ்சிருக்குது.”

திருமுக்கூடலில் ஆறு அகலமாக மணலும் ஓரத்தில் கொஞ்சம் தண்ணீருமாகக் கிடந்தது. இப்போது நான் ஒரு மரத்தைக் காட்ட வேண்டும். எழுதும்போது மரம் என்று எழுதிவிடலாம். நேரில் போனால் எந்த மரம் என்று கேட்கிறார்கள். நல்ல நிழலாக இருந்த ஒரு புங்க மரத்தைக் காட்டினேன்.

“சாமி எங்க?”

“உருவம் இல்லம்மா.”

அம்மா அதை ஏற்றுக்கொண்டாள். வேரடியில் கிடந்த ஒரு கல்லைக் கழுவி நிறுத்தி, மஞ்சள் பூசி, பொட்டு வைத்தாள். குனிந்து நிமிரும்போதெல்லாம் விலாவைப் பிடித்துக்கொண்டாள். “நான் செய்யறேம்மா” என்றாள் அக்கா. அம்மா விடவில்லை. கிளையில் சூடு படாமல் நிழலுக்கு வெளியே மூன்று செங்கல் கூட்டி, புதுப்பானை ஏற்றி, அந்த வெயிலில் அடுப்பின் முன்னால் உட்கார்ந்தாள். ஒரு தேவதைக்கு நான் எழுதாத ஒரே விஷயம் சாப்பாடு. அதையும் அம்மாதான் செய்ய வேண்டியிருந்தது.

பானை சூடேறியதும், “முடிஞ்சவன் கையாலதான் அவுக்கணும். அவுத்து காசை வை” என்றாள்.

முடிச்சைத் தயார் செய்தபோது அசலாக இருக்கட்டும் என்று ஐந்து முடிச்சு போட்டிருந்தேன். நகம் நுழையவில்லை. பல்லால் கடிக்கப் போனேன். “எச்சில் பண்ணாத” என்று அக்கா பிடுங்கினாள். அக்கா ஆறாம் வகுப்பு டீச்சர். எந்த முடிச்சையும் அவிழ்ப்பாள். கையில் கிடைத்த எந்தக் காகிதத்தையும் உரக்கப் படிக்காமல் விடமாட்டாள். காசு கல்லின்மேல் விழுந்தது. சீட்டு அவள் கையில் விரிந்தது.

“மூன்று நதிகளின் அரசியே, நீலமயிலியே. கருங்கோடனாகிய நான் உன்னிடம் கேட்பது: கையில் நெருப்பு. இருளில் பார்வை. எதிரிகளை நடுங்க வைக்கும் குரல். இவற்றுக்கு ஈடாக நான் தருவது: என் நிழல். வாக்கு மாறினால் என் பெயரையும் எடுத்துக்கொள்.”

கடைசி வார்த்தையை அவள் மெதுவாகத்தான் சொன்னாள். படித்து முடித்ததும் சீட்டைத் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் ஒன்றுமில்லை.

அன்வர் ஆற்றைப் பார்த்தான். ஆற்றில் பார்க்க எதுவும் இல்லை, ஆனாலும் பார்த்தான்.

“நெருப்பு எதுக்குடா?” என்று கேட்டார் அப்பா. கேலியாக இல்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பினார்.

அம்மா அடுப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. விறகை உள்ளே தள்ளிவிட்டுக் கேட்டாள்.

“இதுல நான் எங்கடா இருக்கேன்?”

எல்லாவற்றையும் சொன்னேன். மாடி, பகடை, முன்கதை, கூந்தல், ஒரு தலையாட்டு. ஹெட்செட்டையும் சொன்னேன்; அதைச் சொல்லச் சொல்லி யாரும் கேட்கவில்லை. நான் பேசிக்கொண்டே இருக்கும்போது பானை பொங்கி வழிந்தது. யாரும் குலவையிடவில்லை. நெருப்பில் விழுந்து சொய்யென்ற சத்தம் மட்டும்.

இப்போது எழுந்துவிடுவாள் என்று நினைத்தேன். புதன்கிழமை போச்சு, நான்தான் அதைக் கெடுத்தேன் என்று நினைத்தேன். வயிற்றில் கல் இருப்பது எனக்கா அம்மாவுக்கா என்று தெரியாத மாதிரி ஒரு வலி.

“பேனா இருக்குதா?” என்றாள் அம்மா.

அன்வர் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தான். ஆட்டம் நடத்துகிறவனிடம் எப்போதும் இருக்கும்.

“பின்னாடி எழுது. எங்க அம்மாவுக்கு புதன்கிழம...” அங்கே நிறுத்திவிட்டாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மயக்க ஊசி போட்டால் எழுந்திருக்காமல் போய்விடுவோமோ என்பதுதான் அவள் பயம் என்று அந்த மரத்தடியில்தான் எங்களுக்குத் தெரிந்தது. அவளே சொன்னாள், அடுப்பைப் பார்த்தபடி. அப்பா இரண்டடி நகர்ந்து வந்து அவள் பக்கத்தில் மண்ணிலேயே உட்கார்ந்தார்.

மிச்சத்தை நானே எழுதினேன். நல்லபடியாக ஆபரேஷன் முடிந்து அம்மா கண் விழித்து எங்களைத் திட்ட வேண்டும் என்று எழுதினேன். கூந்தலைவிடச் சின்னதாக இருந்தது. ஆனால் ஒரு வார்த்தையையும் குறைக்கும்படி அன்வர் சொல்லவில்லை.

“பதிலுக்கு இன்னா குடுக்கறான்னு கேளுங்கம்மா” என்றான் தாழ்ந்த குரலில்.

அம்மா மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “வருஷா வருஷம் இங்க வந்து இவனே பொங்கல் வெப்பான். அப்புறம், அவன் துணிய அவனே துவைப்பான். எழுது.”

எழுதினேன்.

“வாக்கு மாறினா?” என்றான் அன்வர்.

அம்மா யோசித்தாள். இருபத்தெட்டு வருஷ அழுக்குக் கூடையும் அவள் கண் முன்னால் வந்திருக்க வேண்டும். “அவங்க அப்பா துணியையும் சேத்துத் துவைப்பான்.”

அப்பாவின் முகத்தில் ஒரு நம்பிக்கை தெரிந்தது.

புதன்கிழமை அம்மா போய்ப் படுத்தாள். கண் விழித்தாள். முதல் வேலையாக, போர்வையைச் சரியாகப் போர்த்தவில்லை என்று எங்களைத் திட்டினாள். எடுத்த கல்லை ஒரு சின்ன பாட்டிலில் போட்டுக் கொடுத்தார்கள். பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் காட்டினாள்.

கருங்கோடன் அடுத்த ஆட்டத்திலேயே செத்துப்போனான். பகடையில் ஒன்று விழுந்தது. அடையாளப் பொருள் கையில் இல்லாததால் தேவதை வரவில்லை என்று அன்வர் தீர்ப்புச் சொன்னான், மேல்முறையீடு இல்லை. நீலம்மா மட்டும் நன்றாக இருக்கிறாள். வருஷா வருஷம் போகிறோம். இரண்டாம் வருஷம் போனபோது அந்தக் கல்லுக்கு யாரோ புதிதாகக் குங்குமம் வைத்திருந்தார்கள். போன வருஷம் கிளையில் இரண்டு மஞ்சள் முடிச்சு தொங்கியது. அவற்றுக்குள் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாது. என்னுடையதைப் போல இல்லாமல் இருந்தால் சரி.

நிழலைக் கொடுத்த விஷயத்தை மட்டும் அக்கா விடவே இல்லை. என் கல்யாணத்தன்று மணமேடைக்கு ஏறும்போது வழிமறித்து, ஃபோகஸ் லைட்டைத் திருப்பச் சொல்லி, நிழல் விழுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் விட்டாள். இப்போது, எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம், அந்த வேலையை அவள் மகள் செய்கிறாள். நான் வேலையிலிருந்து வந்தால் வாசலில் நின்று தரையைப் பார்ப்பாள். வெயில் இருந்தால் கவலையில்லை.

போன வாரம் மழைமேகம்.

“மாமாவுக்கு நிழல் இல்ல” என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள். “விடலாமா?”

“துணி துவைச்சானான்னு கேளு” என்றாள் அம்மா உள்ளிருந்து. “துவைச்சிருந்தா விடு.”